பிறேக் பெடல் தரைவரை இறங்கினால்

இடம்பெயர்ந்த குடும்பம் ஊர் திரும்பியதும் காணியைத் துப்புரவாக்குவதோடு, கொட்டிலில் நின்ற பழைய காரையும் ஓட வைக்கப் பார்ப்பது வழக்கம். மரக்கறி மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றவும் அது உதவும். பற்றறியை மாற்றி எஞ்சினை இயக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் நெடுநாள் நின்ற வாகனத்தில் முதலில் பார்க்க வேண்டியது பிறேக்கையே. நிற்கும் காலத்தில் சில்லுகளில் உள்ள சிலிண்டர்கள் துருப்பிடிக்கும், றப்பர்கள் காயும், பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்.

யாழ்ப்பாணத்தில் எல்லோரும் அறிந்த மொறிஸ் மைனர் காரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

பிறேக் வேலை செய்யும் விதம்

பெடலை மிதிக்கும்போது மாஸ்ரர் சிலிண்டரிலுள்ள பிஸ்ரன் ஒயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய்கள் வழியே நான்கு சில்லுகளிலும் உள்ள சிறிய சிலிண்டர்களுக்குப் போய், பிறேக் சூக்களை விரித்து ட்றம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. ஒயில் சுருங்காது, காற்று சுருங்கும். ஆகவே குழாயில் காற்றுப் புகுந்தால் காலின் பலம் சில்லுக்குப் போய்ச் சேராது.

மைனரில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே ஒயில் வழிதான். ஒரு சில்லில் பெருங்கசிவு ஏற்பட்டால் நான்கிலும் பிறேக் போய்விடும். ஹாண்ட் பிறேக் மட்டும் கம்பியால் பின்சில்லுகளை இழுப்பதால் தனியே வேலை செய்யும்.

பெடல் சொல்லும் செய்தி

காரைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் அணைத்து, பெடலை மிதித்துப் பாருங்கள்.

1. முதல் மிதியில் தாழ்ந்து, இரண்டு மூன்று தரம் மிதிக்க உயர்ந்து கடினமாக நின்றால், லைனர் தேய்ந்து சூவுக்கும் ட்றம்முக்கும் இடைவெளி கூடியிருக்கலாம்.

2. பஞ்சை மிதிப்பதுபோல் இருந்தால் குழாயில் காற்று உண்டு.

3. கடினமாக நின்ற பெடல், காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருக்க மெல்ல மெல்ல இறங்கினால், எங்கோ ஒயில் கசிகிறது. அல்லது மாஸ்ரர் சிலிண்டரின் றப்பர் பழுது.

4. எத்தனை தரம் மிதித்தாலும் தரைக்கே போனால், ஒயில் வற்றியிருக்கலாம், குழாய் வெடித்திருக்கலாம், அல்லது மாஸ்ரர் சிலிண்டர் முற்றாகப் பழுதடைந்திருக்கலாம்.

பல தரம் மிதித்துப் பெடலை உயர்த்தி ஓட்டலாம் என்று எண்ண வேண்டாம். குறுக்கே ஒரு பிள்ளை ஓடி வரும்போது ஒரு தரம் மிதிக்கவே நேரம் இருக்கும்.

கசிவைத் தேடுதல்

மைனரின் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தளத்தின் கீழ் உள்ளது. விரிப்பை நீக்கித் தகட்டைக் கழற்றினால் மூடி தெரியும். மண் உள்ளே விழாதபடி நன்றாகத் துடைத்த பின்னரே திறக்கவும். ஒயில் குறைந்திருந்தால் நிரப்பிவிட்டுப் போகாமல், அது எங்கே போனது என்று தேடவும். நான்கு சில்லுகளின் உட்புறத்தையும், றப்பர்க் குழாய்களையும், துருப்பிடித்த இரும்புக் குழாய்களையும் பாருங்கள். எங்கும் ஈரம் இல்லை, ஒயிலும் குறையவில்லை, ஆனாலும் பெடல் இறங்குகிறது என்றால் மாஸ்ரர் சிலிண்டரின் றப்பரே காரணம்.

திருத்தும் முறை

இடைவெளி கூடியிருந்தால் சில்லை ஜக்கில் உயர்த்தி, ட்றம்மிலுள்ள துவாரத்தின் வழியே திருகாணியைச் சில்லு இறுகும்வரை திருப்பி, பின் அது உரசாமல் சுற்றும் அளவுக்கு மட்டும் தளர்த்தவும். லைனர் தேய்ந்திருந்தால் மாற்றவும். பழைய லைனரின் தூசியில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். வாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

சிலிண்டர் கசிந்தால் றப்பரை மாற்றவும். உட்சுவரில் துரு அரித்த குழிகள் இருந்தால் புதிய றப்பரும் நிலைக்காது. சிலிண்டரையே மாற்ற வேண்டும். ஒயில் ஊறிய லைனரும் உதவாது.

பின்னர் காற்றை எடுக்க வேண்டும். இதற்கு இருவர் தேவை. மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தூரமான இடது பின்சில்லில் தொடங்கவும். நிப்பிளில் தெளிவான ரியூப்பை மாட்டி, மறுமுனையைச் சிறிது பிறேக் ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்தவும். ஒருவர் பெடலை மெதுவாக மிதிக்கும்போது மற்றவர் நிப்பிளைத் திறந்து, பெடல் அடிக்கு வந்ததும், அதை விடுமுன் மூட வேண்டும். குமிழி வருவது நிற்கும்வரை இப்படிச் செய்து, மற்றச் சில்லுகளிலும் தொடரவும். இடையிடையே மாஸ்ரர் சிலிண்டரில் ஒயில் வற்றாமல் ஊற்றுங்கள். வெளியே வந்த ஒயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது.

மண்ணெண்ணெய் வேண்டாம்

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சினுக்குப் பழக்கிய மண்ணெண்ணெயைப் பிறேக்குக்குப் பழக்க முடியாது. மண்ணெண்ணெய், டீசல், எஞ்சின் ஒயில் எதுவும் பிறேக் றப்பரை ஊதிப் பெருக்கச் செய்துவிடும். றப்பரைக் கழுவுவதற்கும் அவற்றைப் பாவிக்கக் கூடாது. பிறேக் ஒயிலாலேயே கழுவவும். முத்திரை உடைக்காத போத்தலில் உள்ள டொட் 3 அல்லது டொட் 4 ஒயிலை வாங்குங்கள். தவறி மண்ணெண்ணெய் கலந்துவிட்டால், குழாய்களைக் கழுவி எல்லா றப்பர்களையும் மாற்றுவதே வழி.

ஓடும்போது பிறேக் போனால்

பெடலை விரைவாகப் பல தரம் மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹாண்ட் பிறேக்கின் பொத்தானை அழுத்தியபடி, திடீரென்று இழுக்காமல் படிப்படியாக இழுங்கள். கார் நின்ற பின் அதை ஓட்டாமல் கட்டி இழுத்துச் செல்ல ஒழுங்கு செய்யுங்கள்.

மாஸ்ரர் சிலிண்டர் வேலை பழக்கமில்லாதவர்கள் அதை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. யார் திருத்தினாலும், பெடலை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அது இறங்காமல் நின்று, வெறும் வளவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதும் கார் நேராக நின்றால் மட்டும், பிள்ளைகளையும் அயலவரையும் ஏற்றுங்கள்.