வளராது நிற்கும் கறிவேப்பிலைக் கன்று

"எங்கள் வளவுக்குக் கறிவேப்பிலை ராசியில்லை" என்று கூறுவோர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் ஒரு முறையன்று, மூன்று நான்கு முறை கன்று நட்டுப் பார்த்தவர்களாவர். நட்ட கன்று பட்டுப்போவதுமில்லை, தழைப்பதுமில்லை. இரண்டாண்டு சென்றும் முழங்கால் உயரத்திலேயே நின்று, பின்னர் ஒரு கோடையில் மறைந்துவிடுகின்றது. மிளகாயையும் வெங்காயத்தையும் பரப்புக் கணக்கில் விளைவிக்கும் கமக்காரரின் வீட்டிலேயே கறிவேப்பிலை சந்தையிலிருந்து வருகின்றது. இதற்குக் காரணம் வளவின் ராசியன்று. பெரும்பாலும் அது நிலத்துக்குக் கீழே, வேரிடத்திலேயே உள்ளது. அதனை அறிந்து நீக்கினால், மெலிந்து நிற்கும் கன்றையும் பலவேளைகளிற் காப்பாற்றலாம்.

மரத்தின் இயல்பு

பெயரில் வேம்பு இருப்பினும் கறிவேப்பிலை வேம்பின் இனமன்று. அது தேசி, தோடை, விளா, வில்வம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அவற்றைப் போலவே வெயிலையும் நீர் வடியும் மண்ணையும் விரும்புவது. தேங்கிய நீரைப் பொறுக்காதது.

நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உள்ளன. அவற்றின் வழியாக இலையிலிருந்து வேருக்குக் காற்றுச் செல்வதால், அது நீர் நிறைந்த வயலிலும் செழிக்கின்றது. கறிவேப்பிலைக்கு இவ்வசதி இல்லை. அதன் வேர், மண்ணின் இடுக்குகளிலுள்ள காற்றையே சுவாசிக்கின்றது. அவ்விடுக்குகள் நாள்தோறும் நீரால் நிரம்பியிருப்பின் வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாமையால் இலை வாடும். வாடிய இலையைக் கண்டு மேலும் நீர் ஊற்றுவோமாயின், நோயையே மருந்தாகக் கொடுத்தவர்களாவோம்.

மரக்கறிப் பயிரிற் பழகிய நமக்கு மற்றொரு வழக்கமும் உண்டு. மிளகாய்க் கன்றுக்கு யூரியா இட்டால், சில நாட்களிலேயே இலையிற் பலன் தெரியும். கறிவேப்பிலையோ பல்லாண்டு வாழும் மரம். நட்ட முதலாண்டில் அது பெரும்பாலும் வேரையே வளர்க்கும். மேலே வளர்ச்சி குறைவாகத் தோன்றுவது இயல்பே. அப்பருவத்தில் அதற்கு வேண்டியது யூரியாவன்று. இடையூறின்றி வேரூன்றும் அவகாசமே.

கன்றின் பிறப்பு

தாய்மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக் கன்றைப் பிடுங்கி நடுவதே நம்மிடையே பெருவழக்கு. இக்கன்று தாய்மரத்தின் வேரிலிருந்து எழுவது. அதற்குச் சொந்த வேர் மிகக் குறைவு. உணவையும் நீரையும் தாயிடமிருந்தே பெற்றுவந்த கன்றைத் திடீரெனப் பிரித்து நட்டால், அது திகைத்து நிற்பதில் வியப்பில்லை.

ஆதலின் கன்றைப் பிரிப்பதற்கு ஒன்றரை அல்லது இரண்டு மாதங்களுக்கு முன்னரே, தாய்மரத்தோடு அதனை இணைக்கும் வேரை மண்வெட்டியால் வெட்டிவிட்டு, கன்றை அவ்விடத்திலேயே விடுக. மண்ணை ஈரமாக வைத்திருப்பின் அது சொந்த வேர் விடும். பின்னர் மண்கட்டியோடு கிளப்பி, இலைகளிற் பாதியை நறுக்கிவிட்டு நடுக.

விதையிலிருந்து கன்று எடுப்போர், நன்கு கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி, விதையைத் தாமதமின்றி ஊன்றுதல் வேண்டும். வெயிலிற் காயவைத்த விதை முளைக்கும் ஆற்றலை விரைவில் இழக்கும். பையில் வளர்ந்த கன்றாயின், நடும்போது பொலித்தீன் பையை முற்றாக நீக்குக. வட்டமாகச் சுற்றிய வேர்களை விரலால் மெதுவாக விரித்துவிடுக.

முதலிற் சோதித்தறிக

வளராத கன்றுக்கு எதனையும் இடுமுன் மூன்று சோதனைகள் செய்க.

முதலாவது: தண்டின் பட்டையை நகத்தாற் சிறிது சுரண்டுக. உள்ளே பச்சையாயிருப்பின் உயிருண்டு. நுனியிற் காய்ந்து அடியிற் பச்சையாயிருப்பின், பச்சை தோன்றும் இடம் வரை வெட்டிவிடுக. புதுத் தளிர் வரும்.

இரண்டாவது: அடிமண்ணில் விரலை இரண்டு அங்குலம் நுழைத்துப் பார்க்க. ஈரம் இருப்பின் அன்று நீர் வேண்டியதில்லை. மண் சேறாக இருந்து புளித்த வாடை வீசினால் வேர் அழுகுகின்றது என அறிக.

மூன்றாவது: இலையின் நிறத்தை நோக்குக. இளந்தளிர் மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாயிருப்பின், அது இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம். சுண்ணாம்புக்கல் மீது அமைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலங்களில், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதனைப் பெற முடியாத நிலை ஏற்படுவதுண்டு. இலை நுனிகள் கருகியிருப்பின் கிணற்று நீரின் உவரே காரணமாயிருக்கலாம். கரையோரத்தார் இதனைக் கவனித்தல் வேண்டும்.

திருத்தும் முறை

நீர் தேங்கும் இடத்திலுள்ள கன்றைச் சுற்றி வடிகால் வெட்டுக. அது போதாதாயின் பெரும்போக மழையின் தொடக்கத்தில், ஒரு அடி உயரமான மேட்டில் மண்கட்டியோடு மாற்றி நடுக. முருங்கன் பகுதியிலுள்ளது போன்ற கரிய களிமண்ணில், தொடக்கத்திலேயே மேடு அமைத்து நடுதல் நன்று. மட்டக்களப்புக் கரையோர மணலில் நிலைமை இதற்கு மாறானது. அங்கு நீர் விரைவில் இறங்கிவிடுமாதலால் குழியில் கூட்டெருவை நன்றாகக் கலத்தல் வேண்டும்.

குழி ஒன்றரை அடி நீள அகல ஆழமுடையதாக இருத்தல் போதும். மேல்மண்ணோடு நன்கு உக்கிய எருவைக் கலந்து இடுக. பச்சைச் சாணம் இடுதல் ஆகாது. அது சூடேறி வேரைத் தாக்குவதோடு கறையானையும் அழைக்கும்.

நட்ட கன்றுக்கு முதற்கோடையில் மேற்குப் புறமாக ஒரு கிடுகைச் சாத்தி, பிற்பகல் வெயிலைத் தடுக்க. அடியில் மூன்று அங்குலத் தடிப்பில் வைக்கோல் பரப்புக. ஆனால் தண்டிலிருந்து ஒரு சாண் விலகியிருக்கட்டும். நாள்தோறும் சிறிது ஊற்றுவதிலும், மண் காய்ந்தபின் ஆழமாக நனையும்படி ஊற்றுவதே நன்று. அது வேரைக் கீழே இழுக்கும். உவர் மேலே படிவதையும் குறைக்கும். சவர்க்கார நீர் ஓடும் கிணற்றடி கறிவேப்பிலைக்கு ஏற்ற இடமன்று. அரிசி கழுவிய நீரும் புளித்த மோரும் சிறிதளவில் ஊற்றுவதால் தீங்கில்லை. எனினும் அவை வடிகாலுக்கு ஈடாகா.

இரும்புச் சத்துக் குறைவுக்கு, ஒரு லீற்றர் நீரில் 5 கிராம் இரும்புச் சல்பேற்றைக் கரைத்து மாலை வேளையில் இலைகளிற் தெளிக்க. பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை செய்தல் போதும். அக்காலத்தில் அவ்விலையைச் சமையலுக்குப் பறித்தல் கூடாது.

பூச்சிகள்

பறவை எச்சம் போலத் தோன்றிப் பின்னர் பச்சை நிறமாகும் புழு, தேசி மரத்தையும் தாக்கும் வண்ணத்துப்பூச்சியின் புழுவாகும். இளங்கன்றை அது சில நாட்களில் மொட்டையாக்கிவிடும். காலையிற் கையாற் பொறுக்கி அழிப்பதே சிறந்த முறை. தளிர் சுருண்டு கருமை படிந்திருப்பின் சாறுறிஞ்சும் சிறு பூச்சிகளைத் தேடுக. அவற்றுள் ஒன்று தேசி, தோடை மரங்களுக்குக் கொடிய நோயைப் பரப்ப வல்லது. ஆதலின் அம்மரங்களுக்கு அருகே கறிவேப்பிலையை நடாதிருத்தல் நலம். தாக்குண்ட தளிரை நறுக்கி எரித்துவிட்டு, வேப்பம் பருப்புக் கரைசலைத் தெளிக்க. ஒரு லீற்றர் நீருக்கு 50 கிராம் இடித்த பருப்பை இரவு முழுதும் ஊறவைத்து வடித்தால் கரைசல் கிடைக்கும். மிளகாய்த் தோட்டத்துக்கு வாங்கிய நச்சுமருந்தை இதற்குத் தெளிக்காதீர்கள். இவ்விலை நேரே கறிச்சட்டிக்குச் செல்வது.

பறிக்கும் காலம்

இலையே கன்றின் உணவுச்சாலை. ஐந்தாறு ஈர்க்கே உள்ள கன்றில் தாளிதத்துக்கென நாளுக்கு ஒன்று பறிப்போமாயின், வேருக்கு உணவில்லாது போகும். கன்று இடுப்பளவு உயரும் வரை ஒன்றையும் பறியாதிருத்தல் வேண்டும். அதன்பின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் எழும். பூங்கொத்து வந்தால் அதனையும் நறுக்குக. பின்னரும் ஒரு வேளையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் பறித்தல் தகாது.

இதனை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லி வைப்பது அவசியம். கமக்காரர் வேரைக் காக்க, அடுக்களை இலையைப் பறிப்பின் கன்று தேறாது. ஓரிரு ஆண்டு பொறுத்தால், பின்னர் பல்லாண்டுக்கு அவ்வீட்டார் கறிவேப்பிலைக்காகச் சந்தைக்குச் செல்ல வேண்டியதில்லை.