'எங்கும் ஓடும்' ஜாவா ஃப்ரீபிஎஸ்டியில் ஏன் திணறியது?

நெட்ஃபிளிக்ஸில் நீங்கள் படம் பார்க்கும்போது, அந்த வீடியோவை அனுப்பும் சர்வரில் இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸும் இல்லை. ஃப்ரீபிஎஸ்டி! 1993-ல் வெளிவந்த இலவச ஆபரேட்டிங் சிஸ்டம். பிளேஸ்டேஷன் 4-க்குள் இருப்பதும் இதன் வழிவந்ததுதான். இப்பேர்ப்பட்ட சிஸ்டத்தில் ஜாவாவை ஒழுங்காக ஓடவைக்கப் பல வருடம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அதுவும், 'ஒருமுறை எழுதினால் போதும், எங்கும் ஓடும்' என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஜாவாவை!

அப்படி என்னதான் சிக்கல்?

1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை வெளியிட்டது. ஜாவா புரோகிராம் நேரடியாக கம்ப்யூட்டரிடம் பேசாது. நடுவில் ஜேவிஎம் என்றொரு மென்பொருள் இருக்கும். மெமரி கொடு, ஃபைலைத் திற என்று ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்பது அதன் வேலை. அந்த ஜேவிஎம் பெரும்பாலும் சி++ மொழியில் எழுதப்பட்டது. அதனால் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனித்தனியாக அதைத் தயாரிக்க வேண்டும். சன் நிறுவனம் தன்னுடைய சோலாரிஸுக்கும், விண்டோஸ், லினக்ஸுக்கும் தயாரித்தது. ஃப்ரீபிஎஸ்டிக்கு இல்லை. ஆக, 'எங்கும்' என்றால் ஜேவிஎம் இருக்கும் இடமெல்லாம். அவ்வளவுதான்.

சரி, நாமே செய்துகொள்வோம் என்று தன்னார்வலர்கள் இறங்கினார்கள். கோடு எழுதுவதைவிடப் பெரிய தலைவலி லைசென்ஸ். சோர்ஸ் கோடைப் பார்க்கலாம், ஆனா மாற்றி எழுதியதை இஷ்டத்துக்கு விநியோகிக்க முடியாது. அதனால் திருத்தங்களை மட்டும் வெளியிட்டார்கள். பயனர்தான் சன் தளத்துக்குப் போய், நிபந்தனைகளை ஏற்று, சோர்ஸை டவுன்லோடு செய்து, திருத்தங்களைச் சேர்த்து, மணிக்கணக்கில் கம்பைல் செய்ய வேண்டும்.

அதிலும் ஒரு கூத்து. ஜாவா கம்பைலரே ஜாவாவில் எழுதப்பட்டது. ஜாவாவை உருவாக்க ஏற்கெனவே ஒரு ஜாவா வேண்டும்! லினக்ஸ் புரோகிராம்களையும் ஓட்டும் வசதி ஃப்ரீபிஎஸ்டியில் இருந்ததால், லினக்ஸுக்கான ஜாவாவை நிறுவி, அதை வைத்துச் சொந்த ஜாவாவை உருவாக்கினார்கள். பக்கத்து வீட்டுக் கோழியை இரவல் வாங்கி அடைவைத்த கதைதான்.

பூட்டு திறந்தது எப்போது?

2006-ல். ஃப்ரீபிஎஸ்டி ஃபவுண்டேஷன், சன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, நேரடியாக நிறுவக்கூடிய ஜாவாவை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஜாவாவையே ஓப்பன் சோர்ஸ் ஆக்குவதாக சன் அறிவிக்க, 2007-ல் ஓப்பன்ஜேடிகே வந்தது. லைசென்ஸ் பிரச்சினை தீர்ந்தது.

இப்போது எப்படி?

ஒரே கமாண்டில் ஓப்பன்ஜேடிகே இறங்கிவிடும். ஆனால் நிறுவியதும் வரும் குறிப்பைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். ப்ராக்எஃப்எஸ், எஃப்டெஸ்க்எஃப்எஸ் என்ற இரண்டு ஃபைல் சிஸ்டங்களை மவுண்ட் செய்யச் சொல்லும். லினக்ஸ் பழக்கத்தில் வருபவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்த தொல்லை லைப்ரரிகளில். சில ஜாவா லைப்ரரிகள் சி மொழியில் எழுதிய பகுதியையும் சேர்த்தே சுமந்துவரும். அது லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றுக்கு மட்டும் தயாரிக்கப்பட்டிருந்தால், ஃப்ரீபிஎஸ்டியில் 'அன்சாட்டிஸ்ஃபைடு லிங்க் எரர்' என்று நின்றுவிடும். அந்தப் பகுதியை நீங்களே கம்பைல் செய்ய வேண்டும், அல்லது முழுக்க ஜாவாவிலேயே எழுதிய மாற்றைத் தேட வேண்டும்.

சன் நிறுவனத்தை 2010-ல் ஆரக்கிள் வாங்கியது. அதன் ஜாவா டவுன்லோடு பக்கத்திலும் அந்த மூன்று பெயர்கள்தான். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜாவாவின் புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொரு முறையும் ஃப்ரீபிஎஸ்டிக்கான திருத்தங்களையும் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.