கணவாய்க்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குப் போகும் வழியில், கடலும் களப்பும் சந்திக்கும் இடம் நாயாறு. 1980களின் தொடக்கத்தில் என் வாப்பா அந்தக் கரையில் இறாலும் கணவாயும் வாங்கி விற்றவர். கையில் எடுத்துப் பார்த்தே இன்று பிடித்ததா, நேற்றுப் பிடித்ததா என்று சொல்லிவிடுவார். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நாங்களும் புத்தளம் வந்து சேர்ந்தோம்.

பல ஆண்டுகளுக்குப் பின், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த என் தம்பி எங்களைக் கொழும்பில் ஒரு பெரிய உணவகத்துக்கு அழைத்துப் போனான். உணவு அட்டை முழுவதும் ஆங்கிலம். வாப்பா பரிமாறும் பையனிடம், "கணவாய் இருக்கா, மகன்?" என்று கேட்டார். அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை. இல்லை என்று தலையாட்டினான். "அப்ப எனக்கு ஒரு பிளேன் டீ போதும்" என்று வாப்பா அட்டையை மூடி வைத்துவிட்டார். அந்த அட்டையிலே 'கட்டில்பிஷ்' என்று இருந்தது. அதுதான் கணவாய் என்பது வீடு திரும்பிய பிறகே எனக்குத் தெரிந்தது.

அதே மேசையில் இன்னொன்றும் நடந்தது. என் சின்ன மகன் ஹாம்பர்கர் கேட்டான். 'ஹாம்' என்றால் பன்றித்தொடை என்று கேள்விப்பட்டிருந்த நான் அதைத் தடுத்து, கோழி போட்ட கிளப் சாண்ட்விச்சை வாங்கிக் கொடுத்தேன். அவன் வாயில் வைக்கும் முன் தம்பி பாய்ந்து பிடுங்கினான். உள்ளே 'பேக்கன்' இருந்தது. அதுவும் பன்றி இறைச்சிதான். அட்டையில் அந்தச் சொல் அச்சிடப்பட்டே இருந்தது. கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை.

சகோதரிகளே, அன்று கற்ற பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், விலக்க வேண்டியவை. போர்க், ஹாம், பேக்கன், கேமன் ஆகிய நான்கும் பன்றி இறைச்சியே. 'லார்ட்' என்பது பன்றிக் கொழுப்பு. பீட்சாவில் போடும் பெப்பரோனியிலும் பெரும்பாலும் பன்றி இறைச்சி கலந்திருக்கும். சொசேஜஸ் என்றால் எந்த இறைச்சி என்று கேளுங்கள். ஜெலட்டின் மிருகங்களின் தோலிலும் எலும்பிலும் எடுக்கப்படுவது. எந்த மிருகம் என்று கேளுங்கள். அகர் அகர் என்றால் அது கடற்பாசி, கவலையில்லை.

அடுத்து, பெயரால் ஏமாற்றுபவை. ஹாம்பர்கருக்கும் ஹாமுக்கும் தொடர்பில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தால் வந்த பெயர் அது. ஆனால் அதிலுள்ள இறைச்சி ஹலாலா என்று கேட்கத்தான் வேண்டும். நம் நாட்டுக் கடைகளில் விற்கும் ஜின்ஜர் பியர் வெறும் இஞ்சிச் சோடா. 'டெவில்ட்' என்றால் காரமாகச் சமைத்தது. 18ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் வைத்த பெயர். 'சுவீட்மீட்' இறைச்சியல்ல, இனிப்புப் பண்டம். 'சுவீட்பிரெட்' ரொட்டியல்ல, கன்று, ஆடு ஆகியவற்றின் கழுத்துச் சுரப்பியும் கணையமும்!

உணவு வரும் வரிசைக்கும் பெயருண்டு. ஸ்டார்ட்டர் முதலில் வரும் சிற்றுணவு. மெயின் கோர்ஸ் பிரதான உணவு. டெசர்ட் கடைசி இனிப்பு. 'ஒன்ட்ரே' என்ற சொல் அமெரிக்காவில் பிரதான உணவையும், அவுஸ்திரேலியாவில் முதல் சிற்றுணவையும் குறிக்கும். நாம் 'பார்சல்' என்பதை வெளிநாட்டில் 'டேக் அவே' என்று கேளுங்கள்.

வாக்கியங்கள் நான்கே போதும். "இஸ் திஸ் ஹலால்?" (இது ஹலாலா?) "டஸ் இட் கன்டெய்ன் போர்க் ஓர் அல்கஹோல்?" (இதில் பன்றி இறைச்சியோ மதுவோ உண்டா?) "ஐ வுட் லைக் திஸ், ப்ளீஸ்" (எனக்கு இது வேண்டும்). "த பில், ப்ளீஸ்" (பில்லைத் தாருங்கள்). கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் பின்னர் மனம் வருந்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆங்கிலத்தைக் கண்டு மிரளவும் வேண்டாம். 'கறி' நம்முடைய சொல். 'மல்லிகட்டாணி' சூப் நம் மிளகுத்தண்ணீர். 'ஹொப்பர்' நம் ஆப்பம். 'கொஞ்சி' நம் கஞ்சி. நம் அடுக்களையிலிருந்து போனவைதாம் வேறு உடுப்பில் அந்த அட்டையில் உட்கார்ந்திருக்கின்றன.

இந்தச் சொற்களையெல்லாம் என் மகள் ஒரு கொப்பியில் தமிழில் எழுதி வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். அடுத்த முறை கொழும்பு போனபோது அவர் அட்டையைத் திறக்கவேயில்லை. பையனை அழைத்து, "கட்டில்பிஷ், ப்ளீஸ்" என்றார். தட்டு வந்ததும் ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "பேரெல்லாம் நல்லாத்தான் இருக்கு, மகள். ஆனா நாயாத்துக் கணவாய் இல்ல."