பெஞ்சில் இருக்கும் ஏழு பேர்

ஆடுகளம் பேசுகிறது – 14

சென்ற வாரம் கார்டு, ஃபார்வர்டு, சென்டர் என்று களத்தில் நிற்கும் ஐந்து பேரைப் பார்த்தோம். கூடைப்பந்து அணியில் மொத்தம் பன்னிரண்டு பேர். மீதி ஏழு பேரின் கதை இந்த வாரம்.

திண்டுக்கல்லில் ஒரு பள்ளி அணியை நடத்துவது என்றால் முதலில் பஸ் நேரம் தெரிந்திருக்க வேண்டும். வேடசந்தூர், நத்தம், சாணார்பட்டி, ஆத்தூர் பக்கமிருந்து வந்து படிக்கிற பிள்ளைகள் நிறைய. பள்ளி விட்டதும் ப்ராக்டிஸ். பகல் முழுக்க வெயிலை வாங்கிய சிமெண்ட் தரை அப்போதும் காந்திக்கொண்டிருக்கும். ஆறரைக்கு விட்டால் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டம். பஸ்ஸை விட்டால் அன்றைய ட்யூஷனும் போச்சு. மில்லில் ஷிப்ட் முடிந்து வரும் அப்பா, "பந்தைத் தூக்கிட்டு அலையறதுல என்னடா கிடைக்குது?" என்று கேட்பார். முதல் ஐவரில் ஒருவனுக்குச் சொல்லப் பதில் இருக்கிறது: சர்டிபிகேட், ஸ்போர்ட்ஸ் கோட்டா, காலேஜ் சீட். மேட்ச்சுக்கு மேட்ச் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் பத்தாவது ஆள் என்ன சொல்வான்? அவனை மறுநாளும் மைதானத்துக்கு வரவைப்பதில்தான் ஒரு கோச்சின் திறமை இருக்கிறது.

இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு வாத்தியாரின் தலைவலியால்தான். 1891 டிசம்பர், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. குளிருக்கு உள்ளே அடைபட்டு, ஒரே மாதிரியான உடற்பயிற்சியில் அலுத்துப்போன ஒரு வகுப்பு. முன்பு இருந்த இரண்டு ஆசிரியர்கள் கையை விரித்துவிட, பொறுப்பு ஜேம்ஸ் நைஸ்மித்திடம் வந்தது. அவர் இரண்டு பீச் பழக்கூடைகளை மேலே அடித்து மாட்டினார், 13 விதிகள் எழுதினார். வகுப்பில் இருந்த 18 பேரையும் பக்கத்துக்கு ஒன்பது பேராக இறக்கிவிட்டார். அன்றைக்குப் பெஞ்சு என்ற பேச்சே இல்லை. சில ஆண்டுகளில் பக்கத்துக்கு ஐவர் என்று ஆனது. ஆட்டம் வேகம் பிடித்தது, வெளியே உட்காரும் கூட்டமும் உருவானது. 1920-ல் ஹாரி க்ரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்துவிட்டு ஊர் ஊராகப் போன பி.டி. மாஸ்டர்கள் இந்த ஆட்டத்தையும், கூடவே இந்தச் சிக்கலையும் கொண்டுபோனார்கள்.

உற்சாகமூட்டுவது என்றதும் நமக்குச் சினிமாதான் ஞாபகம் வரும். தோற்கும் நேரத்தில் கோச் கண் சிவக்கப் பேசுவார், பிள்ளைகள் புலியாகப் பாய்வார்கள். கடிகாரம் அதற்கு இடம் கொடுக்காது. சர்வதேச விதிப்படி முதல் பாதியில் இரண்டு டைம் அவுட், இரண்டாம் பாதியில் மூன்று. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். பிள்ளைகள் மூச்சிரைக்க வந்து தண்ணீர்ப் பாட்டிலை வாங்குவதிலேயே பத்து நொடி கழியும். ஐம்பதாவது நொடியில் பஸ்ஸர் அடித்துவிடும். நடுவில் ஒரு விஷயம் சொல்லலாம், மிஞ்சிப்போனால் இரண்டு. "மனசு வெச்சு ஆடுங்கடா" என்று அதைச் செலவழித்தால் டைம் அவுட் தண்டம். "ஏழாம் நம்பருக்கு இடது கை வராது, வலப்பக்கம் அடைச்சு நில்லு" என்றால் ஒருவனுக்காவது செய்வதற்கு வேலை கிடைக்கும்.

ஜான் வுடன் கதையும் இதைத்தான் சொல்கிறது. யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணிக்கு 12 ஆண்டுகளில் 10 தேசியக் கல்லூரிப் பட்டங்கள் வாங்கித் தந்தவர் அவர். 1974-75 சீசனில் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கலிமோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அவருடைய ப்ராக்டிஸ்களில் உட்கார்ந்து, அவர் சொன்னதையும் செய்ததையும் வகை பிரித்துக் குறித்தார்கள். மொத்தம் 2,326 குறிப்புகள். பாராட்டு நூற்றுக்கு ஏழுகூட இல்லை, திட்டும் அவ்வளவே. முக்கால் பங்கு, எதை எப்படிச் செய்வது என்ற நேரடித் தகவல். தன் பத்தாவது பட்டத்தை வுடன் வென்றதும் அதே சீசனில்தான்.

தகவல் வாங்குகிறவன் தன்னையும் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்று உணர்கிறான். எனவே அந்த ஏழு பேருக்கும் வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும். அடுத்த மேட்ச்சில் வரப்போகும் அணி, ஆளுக்கு ஆள் அல்லாமல் இடத்தைப் பிரித்துக் காக்கும் ஸோன் டிஃபன்ஸ் ஆடுமென்றால், ப்ராக்டிஸில் அதே ஸோனை ஆடிக்காட்டுவது இரண்டாம் ஐவரின் பொறுப்பு. மேட்ச் அன்று ஒருவன் எதிரணியின் ஃபவுல் கணக்கைப் பார்க்கட்டும். ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டக்காரர் வெளியே. நான்கில் நிற்பவர் யார் என்று அவன் சொன்னால் அந்தப் பக்கமே பந்தை ஓட்டலாம். இன்னொருவன் ரீபவுண்டை எண்ணட்டும். ஃப்ரீ த்ரோ தவறவிட்டவனுக்காக அணி முழுவதையும் ஓடவிடும் பழைய வழக்கத்தை மட்டும் கைவிட்டாக வேண்டும். அதில் வளர்வது கவனம் அல்ல, பலவீனமானவன் மேல் மற்றவர்களுக்கு எரிச்சல்.

மே மாதம் பெரியகுளத்தில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். வத்தலக்குண்டு வழியாகப் போனால் நமக்குக் கைக்கெட்டும் தூரம். வங்கி அணிகளும் படை அணிகளும் வரும். பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்கள் ஸ்டார் ஆட்டக்காரரைக் காட்டுவதோடு விட்டுவிடாமல் பெஞ்சையும் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல அணியில் மாற்று ஆட்டக்காரர் இறங்கும் முன்பே, தான் யாரை மடக்கப்போகிறோம் என்று தெரிந்துவைத்திருப்பார்.

பெண்கள் அணியில் வீட்டையும் சேர்த்துச் சம்மதிக்க வைக்க வேண்டும். பத்தாம் வகுப்பு வந்ததும் "போதும்" என்று நிறுத்தும் அம்மாக்களிடம் அனிதா பால்துரையைப் பற்றிச் சொல்லலாம். சென்னைப் பெண். குழந்தை பெற்ற பிறகு களத்துக்குத் திரும்பி, 2017-ல் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவில் இந்திய அணிக்காக ஆடினார். இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று வென்றார்கள். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ.

ஒரு கோச்சை எடைபோட நான் அலமாரியில் இருக்கும் கோப்பைகளைப் பார்ப்பதில்லை. கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும்போது போன வருஷத்துப் பெஞ்சுப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஷூவோடு வருகிறார்கள் என்று பார்ப்பேன். ஏழுக்கு ஐந்து பேர் வந்தால் அந்த அணி அடுத்த வருஷத்துக்குத் தயார். இரண்டு பேர்தான் என்றால், போன வருஷம் கோப்பையே ஜெயித்திருந்தாலும் கோச் தன் ப்ராக்டிஸைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

(தொடரும்)