பிரவாசியும் அதிதியும்

மலையாளத்தில் 'பிரவாசி' என்பது, பெரும்பாலும் வளைகுடா நாடுகளுக்குப் பொருளீட்டச் சென்ற கேரளத்தவரைக் குறிக்கும். அப்பயணத்துக்குக் கைம்முதல் வேண்டும். பரம ஏழைக்கு அது எட்டுவது அரிது. இந்தியில் 'பிரவாசி மஜ்தூர்' எனின், பிழைப்புத் தேடி வேற்று மாநிலம் புகுந்த கூலியாள். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது நடந்தே ஊர் திரும்பியோர் இப்பெயராலேயே சுட்டப்பெற்றனர். வடசொல் ஒன்றே; அது சுட்டும் வாழ்நிலை வேறு.

திருவனந்தபுரத்தில் கட்டடப் பணி புரியும் வங்காளம், அசாம் முதலிய மாநிலத்தவரைக் கேரள அரசு 'அதிதி தொழிலாளி' என்கிறது. முன்னர் வழங்கிய 'அன்ய சம்ஸ்தான தொழிலாளி' என்பதில் அயன்மை தொனித்தது. புதுப்பெயரின் நோக்கம் நன்றே. எனினும் 1955 முதல் மேற்கு ஜெர்மனி ஒப்பந்தவழி வரவழைத்தோர்க்கு வழங்கிய 'காஸ்ட்ஆர்பைட்டர்' என்பதற்கும் இதுவே பொருள். விருந்தினர் திரும்பிச் செல்வர் என்பது அதன் உட்கிடை; பலர் திரும்பவில்லை. நம் நாட்டின் 1979ஆம் ஆண்டுச் சட்டமோ விருந்தைப் பேசாது, இடப்பெயர்வுப் படியையும் பயணப் படியையும் தொழிலாளரின் உரிமையாக்கியது.

'விருந்தினர் தொழிலாளர்' எனத் தமிழாக்கின் இவ்வுரிமை மறையும். 'புலம்பெயர்ந்தோர்' எனின், 1983க்குப் பின் ஈழத்தமிழரே முதலில் நினைவுக்கு வருவர். ஆகவே அரசாணைகளில் மூலச்சொல்லை அவ்வாறே நிறுத்தி, பிறவிடங்களில் 'புலம்பெயர் தொழிலாளர்' என்று எழுதுதல் தகும்.