லத்தீனுக்குத் தமிழ்வழி

லண்டன் அப்டன் பார்க்கின் கிரீன் ஸ்ட்ரீட், ஒரு காலத்தில் ஈஸ்ட் ஹாமுக்கும் வெஸ்ட் ஹாமுக்கும் எல்லை. 1965இல் இரண்டும் நியூஹாமில் இணைந்தன. பழைய வெஸ்ட் ஹாமின் சின்னத்தில் லத்தீன் வாசகம் ஒன்று உண்டு: 'தெயோ கொன்ஃபீதிமுஸ்'. கடவுளை நம்புகிறோம் என்று பொருள். லத்தீன் படிக்க ஆசைப்படும் தமிழருக்கு இந்த இரண்டு சொல்லே அருமையான முதல் பாடம்.

'நாம்' என்ற தனிச்சொல் அதில் இல்லை. நம்புகிறோம் என்பதில் 'ஓம்' செய்யும் வேலையை அங்கே 'முஸ்' செய்கிறது. 'கொன்ஃபீதோ' என்றால் நம்புகிறேன். 'கொன்ஃபீதிஸ்' என்றால் நம்புகிறாய். 'கொன்ஃபீதித்' மட்டும் நம்புகிறான், நம்புகிறாள், நம்புகிறது மூன்றுக்கும் பொது.

'தெயுஸ்' எழுவாய், 'தெயோ' நான்காம் வேற்றுமை, நம் 'கு' உருபு. நாம் கடவுளை நம்புகிறோம், லத்தீனிலோ கடவுளுக்கு! எந்த வினை எந்த வேற்றுமையைக் கேட்கும் என்பதையும் வினையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

'புவெல்லா அக்வாம் போர்த்தாத்': சிறுமி தண்ணீரைச் சுமக்கிறாள். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. 'அக்வாம் புவெல்லா போர்த்தாத்' என்று மாற்றினாலும் பொருள் கெடாது, தமிழில் போலவே. ஆங்கிலத்தில் அப்படி மாற்ற முடியாது. அதனால்தான் ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகாமல் தமிழிலிருந்தே லத்தீனுக்குள் நுழையலாம் என்கிறேன். ஐரோப்பியர் எதிர்த்திசையில் வந்தவர்களே: சீகன்பால்க் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது, இத்தாலியரான வீரமாமுனிவரும் கொடுந்தமிழுக்கு லத்தீனில்தான் இலக்கணம் எழுதினார்.

சிரமங்களும் உண்டு. கடவுள்களுக்கு என்பதில் 'கள்' தனியே, 'கு' தனியே தெரியும். லத்தீனில் பன்மையும் வேற்றுமையும் ஒரே விகுதியில் கரைந்துவிடும். நமக்கு எட்டு வேற்றுமை, அங்கே ஆறு. நம் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலையில் பெரும்பகுதியை ஒன்றே சுமக்கிறது. மேசையைக் குறிக்கும் 'மென்சா' பெண்பால்! பெயர்ச்சொற்கள் ஐந்து குடும்பங்களாகப் பிரியும். குடும்பத்துக்குக் குடும்பம் விகுதி மாறும். எது எந்தக் குடும்பம் என்று காட்டுவது ஆறாம் வேற்றுமை வடிவம். ஆகவே 'தெயுஸ்' என்று மட்டும் படிக்காதீர்கள். 'தெயுஸ், தெயீ' என்று ஜோடியாகவே மனப்பாடம் செய்யுங்கள். அகராதிகளும் அப்படித்தான் தருகின்றன.