கால் வேகும் நேரம்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் ஆட்டுக்கால் இருக்கிறது. இறங்க இன்னும் இரண்டு மணி நேரமாவது ஆகும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரும் அவசரப்படுத்தப் போவதில்லை. அந்தச் சட்டிக்குள் இவ்வளவு நேரம் அப்படி என்னதான் நடக்கிறது என்று கேட்டீர்களே, அதைச் சொல்கிறேன். குரோம்பேட்டையில் உட்கார்ந்து இதைச் சொல்வது பொருத்தம்தான். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

ஆட்டுக்காலில் கறி என்று சொல்ல என்ன இருக்கிறது? தோல், நரம்பு, ஜவ்வு, எலும்பு, அவ்வளவுதான். இவற்றில் உள்ள புரதத்தில் பெரும்பங்கு கொலாஜன். இளம் ஆட்டின் தொடைக்கறி சீக்கிரம் வெந்துவிடுகிறது, கால் மட்டும் அடம்பிடிக்கிறது என்றால் காரணம் இந்தக் கொலாஜன்தான்.

அதன் உருவத்தைக் கண்டுபிடித்ததும் நம்ம ஊரில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும் அமைப்பு என்று 1954-55-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கச் சுத்தமான கொலாஜன் வேண்டுமே? பக்கத்திலேயே அடையாறில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வால் நரம்பு கிடைத்தது. தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் கொலாஜனுக்கும் என்ன உறவு என்கிறீர்களா? ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பெரும்பாலும் கொலாஜன்தானே.

மூன்று புரி முறுக்கிய தேங்காய்நார்க் கயிறு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சுமார் அறுபது அறுபத்தைந்து டிகிரி சூட்டில் இந்தக் கயிறு முதலில் சுருங்குகிறது. அதனால்தான் முதல் அரை மணி நேரத்தில் காலைத் தொட்டுப் பார்த்தால் போட்டதைவிட ரப்பராக இருக்கும். புதிதாகச் சமைப்பவர்கள் பயந்துபோய்த் தீயைக் கூட்டுவது இந்த இடத்தில்தான். கூட்ட வேண்டாம். எழுபதைத் தாண்டிய சூட்டில் அப்படியே விட்டுவைத்தால் முறுக்கு மெல்ல மெல்ல அவிழும். இழைகள் தனித்தனியாகப் பிரிந்து தண்ணீரில் கரையும். அப்படிக் கரைந்ததற்குப் பெயர் ஜெலட்டின். சூப் குடித்தபின் உதடு ஒட்டுகிறதே, அது இதனால்தான். ஆட்டுக்கு வயது ஏற ஏற இழைகளுக்கு நடுவே குறுக்குப் பிணைப்புகளும் ஏறும், வேக நேரமும் ஏறும். கடைக்காரரிடம் இளங்கால் கேட்பது வெறும் வழக்கமில்லை.

இப்போது குரோம்பேட்டைக்கு வருவோம். இந்த ஊருக்குப் பெயர் வந்தது குரோம் லெதர் கம்பெனியால். சேம்பர்ஸ் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்திய தோல் தொழிற்சாலை அது. அதற்கு முன் இங்கே தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். வாரக்கணக்கில் ஊற வேண்டும். குரோமிய உப்பு அந்த வேலையை ஓரிரு நாளில் முடித்தது. அது செய்வது என்ன தெரியுமா? கொலாஜன் இழைகளைப் பிரியவிடாமல் பூட்டுப் போடுகிறது. சரியாகப் பதனிட்ட குரோம் தோலைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் சுருங்காது. தொழிற்சாலையில் அதுவே சோதனை. அதாவது, சட்டியில் நாம் எதை அவிழ்க்கப் பாடுபடுகிறோமோ, அதே முடிச்சை இறுக்கித்தான் இந்த ஊர் பிழைத்தது. அதற்கு விலையும் கொடுத்தது. நாகல்கேணி, பல்லாவரம் பக்கத்து நிலத்தடி நீரில் குரோமியம் கலந்ததைப் பற்றி எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன. இங்கே பல வீடுகளில் குழம்புக்கும் கேன் தண்ணீர்தான்.

சரி, செய்முறைக்கு வருவோம். கடையிலேயே வாட்டி, குளம்பு கழற்றி, துண்டு போட்டுக் கொடுப்பார்கள். வீட்டில் மஞ்சள்தூள் போட்டுத் தேய்த்து இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, மீந்த முடியைக் கத்தியால் சுரண்டுங்கள். முதல் கொதியில் பொங்கும் நுரையை வழித்தெடுத்துவிட்டுச் சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, தக்காளி சேர்த்துத் தீயை சிம்மில் வையுங்கள். தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஓரத்தில் மட்டும் குமிழ் வந்தால் போதும். கொதி அதிகமானால் கொழுப்பு பொடிப்பொடியாக உடைந்து சாற்றோடு கலந்து கலங்கலாகிவிடும். தண்ணீர் வற்றினால் வெந்நீர் ஊற்றுங்கள். உப்பை முதலிலேயே அளந்து போடாதீர்கள், சாறு சுண்டச் சுண்டக் கரிக்கும். மிளகும் சீரகமும் கடைசியில்தான். மூன்று மணி நேரம் கொதித்தால் வாசனை தெருவுக்குப் போய்விடும், குழம்பில் நிற்காது. தேங்காய்ப்பாலும் இறக்குவதற்குச் சற்று முன்புதான், இல்லையென்றால் திரிந்துபோகும்.

தக்காளியை ஏன் முதலிலேயே போட்டோம்? புளிப்பு கொலாஜனை நெகிழ்த்தும், கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் இதே புளிப்பு காய்கறியையும் பருப்பையும் இறுக வைக்கும். அதனால்தான் பருப்பு குழைந்த பிறகே சாம்பாருக்குப் புளி கரைத்து ஊற்றுகிறோம். மாடி வீட்டில் சைவமாகச் சமைப்பவர்களும் இந்த விதியைத் தினமும் பின்பற்றுகிறார்கள்.

குக்கர் இருக்கும்போது ஏன் இந்தப் பாடு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். குக்கருக்குள் சூடு நூற்று இருபது டிகிரியைத் தொடும். கொலாஜன் அரை மணி, முக்கால் மணியில் கரையும். இதில் குக்கரைக் குறை சொல்ல முடியாது. சிக்கல் வேறு: மூடிய பாத்திரத்தில் நுரை எடுக்க முடியாது, சாறு சுண்டாது, எப்போது நிறுத்துவது என்று தொட்டுப் பார்க்க வழியில்லை. இரண்டு விசில் கூடினால் தோல் கரைந்து எலும்பு மட்டும் மிஞ்சும். என்னைக் கேட்டால், வார நாளில் குக்கர், ஞாயிறன்று திறந்த சட்டி. காஸ் செலவு உறுத்தினால் நான்கைந்து விசில் விட்டு, பிறகு திறந்து ஒரு மணி நேரம் சிம்மில் சுண்ட விடுங்கள்.

வெந்ததா என்று பார்க்க, மூட்டை லேசாகத் திருகுங்கள். கையோடு வர வேண்டும், தோல் மட்டும் உருக்குலையாமல் நிற்க வேண்டும். மீந்த சாற்றை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் அல்வா மாதிரி உறைந்திருக்கும். மேடையிலேயே விட்டால் உறையாது. ஜெலட்டின் முப்பது முப்பத்தைந்து டிகிரியில் இளகிவிடும். நம்ம ஊர் சமையலறைச் சூடே அதற்குப் போதும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கால் சூப் குடித்தால் அது நேராக முழங்காலுக்குப் போய் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். வயிற்றில் போனதும் எல்லாப் புரதமும் போல அமினோ அமிலங்களாகவும் அவற்றின் சிறு துணுக்குகளாகவும் உடைந்துவிடும். ருசிக்காகச் சாப்பிடுங்கள், இடியாப்பத்தோடு. அடுத்த ஞாயிறு செய்வதாக இருந்தால் கறிக்கடையில் சனிக்கிழமையே சொல்லி வைத்துவிடுங்கள். ஒரு ஆட்டுக்கு நாலு கால்தான், காலையில் தாமதமாகப் போனால் கிடைக்காது.